பச்சை விளக்கில் எழுந்துபோன நாய்

காலை ஆறரைக்கு நாயின் கழுத்திலிருந்து கழற்றும் தாங்குமானிப் பட்டையை ஏழு மணிக்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும். விதிப்புத்தகத்தில் அதற்குக் கழற்றுநேரம் என்று பெயர். பட்டையின் உட்புறத்து அழுக்கைத் துடைக்கவும், மின்னேற்றவும், நாயின் கழுத்துத் தோலில் கொஞ்சம் காற்றுப் படவும் துறை மனமிரங்கிக் கொடுத்த அரைமணி அது. மங்கையர்க்கரசி மூன்று ஆண்டுகளாக அந்த அரைமணியை ஒரு நாளும் விட்டதில்லை. பட்டையை ஜன்னலோரத்துத் தாங்கியில் வைத்ததும் அது ஒருமுறை நீலமாக மின்னி அணையும். அவள் போய் வாசல் கதவைச் சாத்துவாள். வரகு தன் சாக்கை விட்டு எழுந்து அவளிடம் வரும். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் முகம் கழுவி, பட்டையை மாட்டி, கதவைத் திறப்பாள். குக்கரில் முருங்கைக்கீரையோடு குழைய வெந்த சோறு அதற்குள் ஆறியிருக்கும். நாய் தின்ன ஆரம்பிக்கும்போது அதன் கழுத்தில் பச்சை விளக்கு எரியும்.

வரகு நாட்டு நாய்தான். உமி நிறத்து முதுகு. ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. அந்த ஆண்டு பயிற்சிக்கூடத்துக்குப் போன இருபத்து மூன்று குட்டிகளில் தேறியவை நான்கு. அந்த நான்கில் ஒன்று ஏழாம் மேட்டுப் பள்ளிக்கு வந்தது.

ஏழாம் மேட்டில் தரையைத் தோண்டினால் கல்லாய்ப் போன சிப்பி கிடைக்கும். அரியலூர்ப் பக்கம் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை நிரப்பிச் சமன்செய்த மேடுகளில்தான் நாகப்பட்டினக் கரையோரத்து மக்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். கடல் ஏறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சிப்பிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியவை என்று அறிவியல் ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் காதில் வாங்கிக்கொண்டது ஒன்றைத்தான்: இங்கேயும் கடல் வந்திருக்கிறது. மழை நாட்களில் பாதி வகுப்பு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தேற்றுநாய்.

இவர்களுக்கு முந்திய தலைமுறைப் பிள்ளைகள் மணிக்கட்டில் மனமானி கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். இன்றைக்குத் துயரம் எத்தனை புள்ளி என்பது அம்மாவுக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியும், பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். பிள்ளைகள் மூச்சை அடக்கிப் புள்ளியை இறக்கக் கற்றுக்கொண்டார்கள். அடக்கி அடக்கி அவர்கள் என்ன ஆனார்கள் என்பது வெளியே வந்தபோது நாடே தலைகுனிந்தது. அப்புறம் வந்ததுதான் அளவைத் தடைச் சட்டம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட எவர் மனதையும் எந்தக் கருவியும் அளக்கக் கூடாது. பேச்சைப் பதியக் கூடாது. நாயிடம் சொன்னது நாயோடு போயிற்று. அளந்தே தீர வேண்டுமென்றால் நாயை அளந்துகொள்ளலாம்.

ஆகவே தாங்குமானி பிள்ளையின் பக்கம் திரும்புவதே இல்லை. நாயின் நாடி, மூச்சு, தோலின் சூடு இவற்றை வைத்து அன்றைக்கு அது எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று சொல்லும். எழுபது வரை பச்சை. அதற்கு மேல் மஞ்சள். நூறு ஆனால் சிவப்பு. அன்றைய வேலை முடிந்தது. மஞ்சள் எரிந்தால் காப்பாளரான மங்கையர்க்கரசி அறையின் கண்ணாடிச் சுவரைத் தட்ட வேண்டும். பிள்ளை எழுந்து வந்துவிட வேண்டும்.

பிள்ளைகள் அந்த அறையை மடியறை என்றார்கள். அவரவர் முறைக்கு மடிநேரம் என்று பெயர். பன்னிரண்டு நிமிடம். கோரைப்பாயில் பிள்ளை உட்காரும். வரகு வந்து மடியில் தலை வைக்கும். காப்பாளர் இருப்பது கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம். பார்க்கலாம், கேட்க முடியாது. அறையின் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டிக்கதவு உண்டு. நாய் எப்போது நினைத்தாலும் அதைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடலாம். போக வழியில்லாமல் உட்கார்ந்து கேட்பது கேட்பதாகாது என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம். பச்சை எரியும்போது வரகு அந்தக் கதவை அதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

ஒரு முறை வர ஐந்தாறு வாரம் ஆகும். அதனால் மடிநேரம் பள்ளியில் ஒரு நாணயம்போலப் புழங்கியது. சத்துணவு முட்டைக்கு, கலர் பென்சிலுக்கு, கணக்குப் போட்டுத் தருவதற்கு எல்லாம் கைமாறும். மங்கையர்க்கரசி கண்டும் காணாததுபோல இருப்பாள். அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நாய் மிஸ். தலைமையாசிரியரே ஒருமுறை கூட்டத்தில், “நாய் மிஸ் வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பு ரேணுகா தன் முறையை இரண்டு தடவை மற்றவர்களுக்குக் கொடுத்தவள். கைம்மாறாக எதுவும் வாங்கவில்லை. அவளுக்கு இருந்தது அத்தை செண்பகவல்லி மட்டும். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை வராது. மூன்றாவது முறை வந்த செவ்வாய்க்கிழமை அவள் தலையை வழித்து வாரி, இரட்டைப் பின்னலில் புது ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். பரிசு வாங்க மேடையேறுகிற பிள்ளைபோல இருந்தது. ஏதோ சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் வருகிறாள் என்பது பார்த்ததுமே மங்கையர்க்கரசிக்குப் புரிந்தது.

அன்றைக்கு ரேணுகா நான்காவது. பட்டை ஐம்பத்து மூன்று காட்டியது; நல்ல பச்சை. வரகு போய் மடியில் தலை வைத்தது. முதல் மூன்று நிமிடம் அந்தப் பெண் அதன் மடிந்த காதை நிமிர்த்துவதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு குனிந்து, ரிப்பன் நாயின் மூக்கில் உரச, பேச ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நான்கு வாக்கியமோ ஐந்தோ இருக்கும்.

வரகு கொட்டாவி விட்டது. நாக்கால் மூக்கை நக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு எழுந்து, ஒருமுறை உடம்பை உதறி, தட்டிக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. கதவு முன்னும் பின்னும் ஆடி நின்றது. ரேணுகா அதைப் பார்த்தபடியே இருந்தாள். நாயின் தலை இருந்த இடத்தில் அவள் கை இரண்டும் விரித்தபடி இருந்தன.

அடுத்த முறைக்காகப் படிக்கட்டில் காத்திருந்த இரண்டு பையன்கள் நாய் முற்றத்துக்கு வந்ததைப் பார்த்தார்கள். கழுத்தில் பச்சை எரிவதையும் பார்த்தார்கள். இடைவேளை மணி அடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மங்கையர்க்கரசி உள்ளே போய்ப் பாயருகே குந்தினாள். “வரகுக்கு இன்னைக்கி வயிறு சரியில்லடா. காலையிலேருந்தே ஒரு மாதிரியாதான் இருக்கு” என்றாள்.

ரேணுகா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “பச்சையா இருந்துச்சே மிஸ்.”

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மங்கையர்க்கரசி அன்றைய குறிப்பில் ‘அஜீரணம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

அஜீரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தேற்றுநாய்க் காப்பாளர் வேலைக்கு மூன்று தகுதிகள் கேட்டிருந்தார்கள். முதலாவது உடல்நலம், இரண்டாவது பயிற்சிச் சான்று. மூன்றாவது, கடலேற்றத்தில் நெருங்கிய எவரையும் இழந்திருக்கக் கூடாது. நாய் பக்கத்தில் இருக்கும் காயத்துக்குத்தான் முதலில் போகும். காப்பாளருக்கே காயம் இருந்தால் பிள்ளைகளுக்கு மிச்சம் கிடைக்காது. நியாயமான விதி. அதனால்தான் காப்பாளர்களை உள்மாவட்டங்களிலிருந்து எடுத்தார்கள். ஜெயங்கொண்டத்தில் அவளுடைய அம்மா வழி உறவின் முகவரி ஒன்று இருந்தது. அதையே தன் ஊர் என்று விண்ணப்பத்தில் எழுதினாள். ‘குழந்தைகள்’ என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். எழுதும்போது பேனா நடுங்கவில்லை. அது நடுங்கவில்லை என்பதை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

வேலைக்கு வந்த முதல் வாரம், கழற்றுநேரத்தில் அவள் தரையில் உட்கார்ந்து பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வரகு தானாகவே வந்து மடியில் தலை வைத்தது. அவள் கேட்கவில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: நான் கேட்கவில்லை. அன்று ஐந்து நிமிடம் அழுதாள். மறுநாள் பத்து நிமிடம். பிறகு அரைமணியும் அதற்கே என்றாகிவிட்டது. பட்டை தாங்கியில் அணைந்து கிடக்கும். எதுவும் எண்ணப்படுவதில்லை. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நிமிடம், அவளுக்கு முப்பது. அவர்களுக்கு ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை. அவளுக்குத் தினமும், ஞாயிறு உட்பட. ஏழு மணிக்குப் பட்டை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். நாய் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை என்பது பட்டைக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை மருத்துவர் வந்தார். ஜெய்னம்பு நாச்சியார், நாகூர்க்காரர். எட்டு மேடுகளின் பள்ளி நாய்களையும் பார்ப்பவர். மேசைமேல் வரகை நிறுத்தி, வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கினார். பிறகு கழுத்தோரம் ஒரு பிடி மயிரைக் கத்தரித்துச் சோதனைப் பெட்டியில் போட்டார். பட்டை சொல்வது அன்றன்றைய கதை. மயிர் மாதக்கணக்கில் நடந்ததைச் சொல்லும்.

பெட்டி கணக்கிடுகிற வரைக்கும் அவர் தன் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எண் வந்ததும் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அரசிம்மா, உங்க மானி சொல்றத விட இது ஒன்றரை மடங்கு தாங்கியிருக்கு. இன்னைக்கி நேத்திக்கி இல்ல. ரொம்ப நாளா.”

அவள் மேசையில் சிந்திக் கிடந்த மயிரைக் கையால் கூட்டினாள்.

“ரெண்டுல ஒண்ணுதான். மானி பழுதா இருக்கணும். இல்லாட்டி பள்ளிக்கூடத்துக்கு வெளியில வேற யாரோ இத உபயோகிக்கணும். மானின்னா இப்பவே மாத்திடலாம், வண்டியில இருக்கு. மத்ததுன்னா எங்கிட்ட சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

சொல்லியிருக்கலாம். அவர் குரலில் அதட்டல் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல உட்கார்ந்திருந்தார். வரகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. மங்கையர்க்கரசி நாயின் முதுகில் கை வைத்தாள்.

“மானியாத்தான் இருக்கும் டாக்டர்” என்றாள்.

நாச்சியார் சற்று நேரம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் புதுப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு வாரம் நாய்க்கு ஓய்வு என்று சீட்டெழுதினார். பட்டையில் புத்தம் புதுப் பச்சை எரிந்தது. பொய் சொல்லும்போது தன் கை இருந்த இடம் நாயின் முதுகு என்பது அவர் வண்டி போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை செண்பகவல்லி பள்ளிக்கு வந்தாள். மேட்டுக்கு மேடு காய்கறி வண்டி ஓட்டுகிறவள். வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். ரேணுகா வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கு வரவில்லை என்பது அப்போதுதான் மங்கையர்க்கரசிக்குத் தெரிந்தது. புதன்கிழமை வகுப்பில் ஒரு பையன், நாய்கூடக் கேட்க மாட்டேன் என்று எழுந்துபோன அளவுக்கு அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதற்காக அவள் அழவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தவள்தான்.

“நாலு நாளா அங்கதான் மிஸ் கெடக்கா. தட்ட உள்ள தள்ளுனா ரெண்டு வாய் திங்கிறா. என்னடி சொன்ன நாயிட்ட, எங்கிட்டயாச்சும் சொல்லுன்னேன். அதுக்கு என்ன சொல்றாங்குறீங்க? ‘சொன்னா நீயும் எந்திரிச்சுப் போயிருவ’ங்கிறா.”

செண்பகவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டாள்: “நாய் ஏன் மிஸ் எந்திரிச்சுப் போச்சு?”

மங்கையர்க்கரசி சாயங்காலம் வருவதாகச் சொன்னாள். சாயங்காலம் போகவில்லை. போனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் வரகு போய்விடும். பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது அவள் மனம் இதற்குமேல் எதையும் எண்ணவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று பீரோ இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அவளோ நாய் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

மறுநாள் ஆறரைக்குப் பட்டையைக் கழற்றினாள். அன்றைக்கு எதுவும் வேண்டாம், பட்டையைத் துடைத்து மாட்டிவிடுவது என்று இருந்தாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. தாங்கியில் நீலம் மின்னி அணைந்ததும் வரகு சாக்கை விட்டு எழுந்தது. உடம்பை ஒருமுறை உதறியது. கொட்டாவி விட்டது. நாக்கால் மூக்கை நக்கியது. பிறகு மெல்ல நடந்து, அவள் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய், அங்கே யாரும் இல்லாமலே படுத்து, இல்லாத மடிக்குத் தலையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகளாக அதைத்தான் அவள் பாசம் என்று நினைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு வேலையாகச் செய்வதைத் தனக்கு மட்டும் பிரியத்தால் செய்கிறது என்று. கொட்டாவியும் மூக்கு நக்கலும் நாயின் களைப்பு என்பது பயிற்சியில் முதல் நாள் பாடம். தினம் காலையில் அவள் கண்ணெதிரே நடந்ததுதான். ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்கு முன்னால் முதல் முறையை எடுத்துக்கொண்டவள் அவள்.

பட்டையை மாட்டினாள். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகச் செண்பகவல்லியின் வீட்டுக்கு நடந்தாள்.

குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. அச்சுக்கலவையில் இயந்திரம் வார்த்த சுவர், ஒரு கூடம், ஒரு சமையலறை. செண்பகவல்லி அடுப்பில் பால் வைத்திருந்தாள். கூடத்தில் பீரோ இடுக்கிலிருந்து இரண்டு முழங்கால் மட்டும் தெரிந்தன. மங்கையர்க்கரசி எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“வரகுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல ரேணுகா. நான் பொய் சொன்னேன்.”

முழங்கால் அசையவில்லை.

“அது உங்கிட்ட வர்றப்பவே களைச்சுப் போயிருந்துச்சு. தெனம் காலையில பட்டையக் கழட்டி வச்சுட்டு நான் அதுகிட்ட உக்காந்து அழுவேன். அரைமணி நேரம். பட்டையில அது ஏறாது. அதான் பச்சையா இருந்துச்சு. நீ சொன்னதுனால அது போகல. நான் சொன்னதுனாலதான் போச்சு.”

உள்ளிருந்து குரல் வந்தது. “உங்களுக்கு யாரு?”

அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நாயிடம்கூட ‘அவன்’ என்றுதான் சொல்வாள். “பையன். மணிமாறன். பதினோரு வயசு.”

“தண்ணியிலயா?”

“ம்.”

“நாயிட்ட என்ன சொல்லுவீங்க?”

இது ஒரு பிள்ளையிடம் சொல்லும் விஷயமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இங்கே நிறுத்தினால், சில விஷயங்களைக் கேட்டால் ஆட்கள் எழுந்துதான் போவார்கள் என்று அவளே சொன்னதாகிவிடும். சொன்னாள். மீட்பு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயிற்று. குடும்ப அட்டை இல்லாமல் மேட்டில் இடம் கொடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஓடிப்போய் எடுத்து வா என்று அவள்தான் அவனை இறக்கி அனுப்பினாள். தெரு முனையில் தண்ணீர் வந்தது. பஸ் நகர்ந்தது.

“பஸ் பொறப்பட்டப்ப நான் எறங்கல. எறங்கியிருக்கலாம். கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அதத்தான் சொல்லுவேன்.”

“அட்டை எங்க இருந்துச்சு?”

“பீரோவுக்கு மேல.”

“அவனுக்கு எட்டுமா?”

மங்கையர்க்கரசி எதிரே இருந்த பீரோவின் உச்சியை நிமிர்ந்து பார்த்தாள். “நாற்காலி போட்டா எட்டும்.”

ரேணுகா இடுக்கிலிருந்து தலையை நீட்டினாள். ரிப்பன் இல்லை, முடி சிக்குப் பிடித்திருந்தது. “தெனமும் சொன்னா அது எந்திரிச்சுப் போகாதா?”

“போக முடியாது. கதவச் சாத்திருவேன்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகனைப் பற்றிச் சொன்னபோது வராத வெட்கம் இதற்கு வந்தது. தரையைப் பார்த்தபடி இருந்தாள். அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தாள்; போனால் சரிதான் என்றுகூட நினைத்தாள். ரேணுகா போகவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து இடுக்கை விட்டு வெளியே வந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“அத்தையையும் கூப்புடுங்க” என்றாள்.

செண்பகவல்லி கரண்டியும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். ரேணுகா சொன்னாள். வரகிடம் சொன்னது நான்கைந்து வாக்கியம்தான். இப்போது அதைவிட நீளமாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதை எழுதுவதற்கில்லை. சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது; தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. செண்பகவல்லி எழவில்லை. மங்கையர்க்கரசிக்கு ஒரு கால் மரத்துப்போயிற்று. அவளும் எழவில்லை.

அன்று மதியமே அவள் நாச்சியாருக்குப் பேசினாள். பாதி சொல்வதற்குள் அவர், “நாகூர்க்காரிக்கு இன்னொரு கரைக்காரியைத் தெரியாதா அரசிம்மா? நீங்களா சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றார். அதற்கு மேல் சலுகை எதுவும் காட்டவில்லை. கொல்லிமலை ஓய்வகத்தில் நாய்க்கு நான்கு மாதம். அப்புறம் வேறு ஊர், வேறு காப்பாளர். அவளுடைய சான்று ரத்து. புது நாய் வரும்வரை ஏழாம் மேட்டுப் பள்ளிக்கு மடிநேரம் இல்லை. அது எத்தனை மாதமாகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டாள். தலைமையாசிரியர், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் போதும் என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் நாயை உங்களுக்கு முன்னால் நான் எடுத்துக்கொண்டேன். ரேணுகாவின் மடியிலிருந்து அது எழுந்துபோனது என்னால்தான். வெயிலில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை, கூச்சலிடவில்லை. மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குட்டிப் பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

“நாளைக்கி என் மொற மிஸ். ஆறு வாரம் ஆச்சு” என்றாள்.

அந்தக் கை கொஞ்ச நேரம் உயர்ந்தே இருந்தது. பிறகு தானாக இறங்கியது.

பத்து மணிக்கு வண்டி வந்தது. நாச்சியார் பின்கதவைத் திறந்து வைத்தார். உள்ளே பழைய கம்பளி ஒன்று விரித்திருந்தது. மங்கையர்க்கரசி குனிந்து பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து வளையம் போட்டிருந்தது. வரகு அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு அவள் மடியை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரவில்லை. இரண்டு முறை அவளைச் சுற்றி வந்துவிட்டு அது தானாகவே வண்டியில் தாவி ஏறியது.

செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ரேணுகா வாசலில் நின்றாள். ஓட்டுநரிடம் நாச்சியார் ஏதோ காகிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் கிளம்பவில்லை. ரேணுகா அத்தையின் கையை விட்டுவிட்டு வண்டியருகே போய், குதிகாலை உயர்த்திப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள்.

“தூங்குது மிஸ்” என்றாள்.

மங்கையர்க்கரசியும் போய்ப் பார்த்தாள். கம்பளியில் ஒருக்களித்து, நான்கு காலையும் நீட்டி, வயிறு தெரிய, வாய் ஓரம் கொஞ்சம் திறந்து, வரகு அடித்துப்போட்டதுபோலத் தூங்கியது. ஒரு கால் கனவில் துள்ளியது. அவள் வீட்டில் அது முன்காலில் முகத்தை வைத்து, காதை அவள் பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் மூடியிருக்கும். அதன் சுபாவமே அதுதான், அதிகம் தூங்காத நாய் என்று இந்த மூன்று ஆண்டுகளும் அவள் எல்லாரிடமும் சொல்லிவந்தாள். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவந்தாள்.